பித்தளை ரீலும் ரித்துவின் காதும்

வெயில் காலத்து மாலை. ஜன்னலோரம் பழைய வேட்டித் துண்டை விரித்து அதன்மேல் என் கணவர் முத்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் மடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளை ரீல். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, எங்கள் மகள் ரித்து துணிக் கிளிப்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்கிறாள்.

நானும் என் மாமியாரும் சமையலறை வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

"சுத்தட்டுமா?" என்று முத்து கண்ணாலேயே கேட்கிறார். நான் தலையாட்டுகிறேன். ரீலின் கைப்பிடியை அவர் வேகமாகச் சுழற்றுகிறார். கிர்ர்ர்ர் என்று பெரிய வண்டு ஒன்று பறப்பது போல ஒரு சத்தம்.

ரித்து சட்டென்று திரும்புகிறாள். ரீலைப் பார்த்து, முளைத்திருக்கும் பற்களையெல்லாம் காட்டிச் சிரிக்கிறாள்.

"பாத்தியாட்டி?" என்று மாமியார் என் தோளில் அடித்தார். கொஞ்சம் பலமாகவே விழுந்தது. "பிள்ளைக்குக் காது கேக்கலயாம்லா காது! அந்த டாக்டரு படிச்ச படிப்பைக் கொண்டுபோய்க் குப்பையில போடச் சொல்லு."

நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுவதாகத்தான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

பம்பாயில் தாராவியை விட்டு செம்பூருக்கு வந்ததை இந்தத் தொடரில் சென்ற வாரம் எழுதியபோது, அடுத்து இதைத்தான் எழுத வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். வேறு எதையாவது எழுதித் தப்பித்துவிடலாமா என்று யோசித்தேன். மாமியாரின் ஊர்ச் சண்டைகளை எழுதலாம். ஆபீஸ் வேலையை விட்ட கதையை எழுதலாம். ஆனால் பேனாவை எடுத்தால் அந்தச் சுவர்தான் கண்ணில் நிற்கிறது.

சாவிக்கொத்து

அப்போது ரித்துவுக்கு இரண்டு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா என்றுகூட இல்லை. அழுவாள், சிரிப்பாள், தொண்டைக்குள் ஏதோ உருட்டுவாள். அவ்வளவுதான்.

தடுப்பூசி போடப் போன இடத்தில் டாக்டரம்மா அவள் தலைக்குப் பின்னால் நின்று ஒரு சாவிக்கொத்தைக் குலுக்கினார். ரித்து என் துப்பட்டாவின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் இன்னொரு முறை குலுக்கினார். பிறகு சாவிக்கொத்தை மேஜையில் வைத்துவிட்டு, காது பரிசோதனை செய்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்று ஹிந்தியில் சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார். அந்தச் சாதாரணம்தான் என்னைப் பயமுறுத்தியது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான். கேட்கிறதா, இல்லையா?

நான் நாளெல்லாம் சோதித்துப் பார்த்தேன். தட்டைக் கீழே போட்டால் திரும்புவாள். கதவை அறைந்து சாத்தினால் திரும்புவாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். விளையாட்டு மும்முரத்தில் இருக்கிறாளோ? பிடிவாதமோ? நான்தான் சரியாகக் கூப்பிடவில்லையோ? ஒரு நாளைக்குக் கேட்கிறது என்று தீர்ப்புச் சொல்வேன். மறுநாள் காலையில் அதை நானே மாற்றுவேன்.

மாமியாருக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது. "இவன் மூணு வயசு வரைக்கும் வாயைத் தொறக்கல. இப்ப யூனியன் மீட்டிங்குல மைக்கைப் புடுங்க ஆளு வேணும். அப்பன மாதிரி பிள்ளை. நீ சும்மா கெட."

"டெஸ்ட்தான, பண்ணிட்டா டென்ஷன் விட்டுச்சு" என்றார் முத்து. ஆனால் அவரும் நாள் குறிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

டோல் சத்தத்தில் தூங்கிய பிள்ளை

நான் பிறந்து வளர்ந்த தாராவிச் சந்தில் யாரும் மெதுவாகப் பேசியதில்லை. ஒரு பக்கம் தகரம் தட்டுவார்கள், எதிர்ப்பக்கம் தையல் மெஷின்கள் ஓடும், மேல்மாடியில் எப்போதும் ஒரு டிவி கத்தும். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் டீச்சர் பாடம் நடத்துவதே மீன்காரம்மா விலை சொல்வது போலத்தான் இருக்கும். எனக்குத் தமிழ் எழுத வந்தது அந்தப் பள்ளியால்தான். என் தம்பிக்கு அதுவும் வரவில்லை. நான் எழுதுவதை அவனுக்கு நான்தான் போனில் படித்துக்காட்ட வேண்டும்.

சத்தத்தில் தூங்கத் தெரிந்த பிள்ளைதான் எங்கள் பக்கம் நல்ல பிள்ளை.

ரித்து கைக்குழந்தையாக இருந்தபோது கணபதி ஊர்வலம் எங்கள் பில்டிங் வாசலில் நின்றுவிட்டது. டோல், தாசா மேளங்கள் ஜன்னல் கண்ணாடியை உலுக்கின. எனக்குப் பல் கூசியது. ரித்து என் தோளில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நான் பாபி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரி அவள் கன்னத்தைத் தட்டி, "அஸ்லி மும்பைக்கர் ஹை யே தோ!" இவள் அசல் மும்பைக்காரி என்று சிரித்தாள். மாமியார் வீட்டுக்குள் போனதும் மிளகாய் சுற்றிப் போட்டார். கண் பட்டுவிடக் கூடாதே என்று.

தீபாவளி வெடிக்கும் அவள் அசையவில்லை. தைரியசாலி என்றார்கள். நானும் போன் செய்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னேன்.

களிம்பு

ரீல் கதைக்கு வருகிறேன்.

முத்து டிராம்பேயில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். மீன் குழம்பு சாப்பிடுவார். மற்றபடி மீனுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, தூண்டிலைக் கையில் பிடித்ததுகூட இல்லை. எங்கள் கல்யாணத்துக்கு முன்னால், ஓய்வுபெறப்போகும் ஓர் அதிகாரி, சுற்றாமல் நின்றுபோன ஒரு பழைய ரீலைக் கொண்டுவந்து "முத்து, இதற்கு ஏதாவது பண்ண முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். தூண்டில் கம்பில் பொருத்தி நூலைச் சுற்றிவைக்கும் உருளைதான் ரீல். வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். அதைப் பிரித்துப் பார்த்ததிலிருந்து இவருக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. வெள்ளிக்கிழமை லீவு கிடைத்தால் சோர் பஜார். கடிகாரமும் கிராமபோனும் குவிந்து கிடக்கும் கடைகளில், பச்சை பிடித்துக் கிடக்கும் ரீல்களைத் தேடி எடுத்து வருவார். சுத்தம் செய்து, ஆர்வமுள்ளவர்களுக்கு விற்பார்.

அவர் வேலை செய்வதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். முதலில் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எந்தத் திருகு எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அதே வரிசையில் தட்டில் வைப்பார். பாகங்களை மண்ணெண்ணெயில் ஊறப்போடுவார். பச்சைக் களிம்பைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்ப்பார். மூலைகளில் தீக்குச்சி முனையால் சுரண்டுவார். கத்தி படக் கூடாது, கீறல் விழும்.

வெளிநாட்டு ஆட்கள் அந்தப் பழுப்பு நிறம் அப்படியே இருக்க வேண்டும் என்பார்களாம். பளபளப்பாக்கினால் மதிப்பு போய்விடும். மாமியாருக்கு இது புரியவே புரியாது. "மங்குன பித்தளையைக் காசு குடுத்து வாங்குதவன் எவம்ல? குடு, ரெண்டு புளியப் போட்டுத் தேச்சித் தாரேன்" என்பார். முத்து ரீலைச் சட்டைக்குள் ஒளித்துக்கொள்வார்.

இங்கே ஓட்டல்களிலும் பங்களாக்களிலும் அலங்காரத்துக்கு வாங்குபவர்கள் கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும் என்பார்கள். அந்தக் கோடையில் வந்தவையெல்லாம் அப்படிப்பட்ட ரீல்கள்தான். பாலிஷைத் தடவி, மல் துணியால் வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருப்பார். துணி கறுப்பாகும், பித்தளை மஞ்சளாகும். பிறகு மாட்டி, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, எல்லாம் முடிந்த பிறகுதான் கைப்பிடியைச் சுழற்றிப் பார்ப்பார். உள்ளே ஒரு பல்சக்கரம் உண்டு. அதில் ஒரு சிறிய தகட்டு நாக்கு தட்டிக்கொண்டே போகும். அந்தச் சத்தம்தான் கிர்ர்ர்.

எப்போதும் கடைசியில்தான் சுழற்றுவார். இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்பது உங்களுக்குப் பிறகு புரியும்.

கோடை முழுவதும்

ரித்து முதன்முதலில் திரும்பியது தற்செயல்தான். அதற்குப் பிறகு நாங்கள் வேண்டுமென்றே செய்ய ஆரம்பித்தோம். முத்து முதல் ஷிப்ட் முடிந்து வருவார். எதிரெதிரே நிற்கும் இரண்டு பில்டிங்குகளுக்கு நடுவே சூரியன் இறங்கும் நேரம் எங்கள் வீட்டுக்குள் கொஞ்ச நேரம் வெளிச்சம் வரும். வேலை செய்ய அவருக்கு அந்த வெளிச்சம் வேண்டும். ரித்துவை முதுகு காட்டி உட்காரவைப்போம். சுழற்றுவார். திரும்புவாள்.

பத்து முறை சுழற்றினால் ஏழெட்டு முறை திரும்புவாள். பெயருக்குத் திரும்பாதவள் இதற்குத் திரும்புகிறாள் என்றால் காது கேட்கிறது, மனதுதான் எங்கோ இருக்கிறது என்று நாங்களே முடிவு கட்டினோம். முத்து இதை டாக்டரிடமே சொன்னார்.

"ரீல் கீ ஆவாஸ் பே ஏக்தம் திரும்பிடுறா, மேடம்" என்று, ரீல் சத்தத்துக்கு உடனே திரும்புவதைப் பாதி ஹிந்தியும் பாதித் தமிழுமாக உளறினார்.

டாக்டர் கேட்டுக்கொண்டார். "அச்சா ஹை. டெஸ்ட் ஃபிர் பீ கர்வா லோ" என்றார். நல்லது, ஆனாலும் பரிசோதனையைச் செய்துவிடுங்கள்.

வெளியே வந்ததும் முத்துவுக்குக் கோபம். "அரே, கண்ணால பாத்ததச் சொல்றேன், நம்ப மாட்டேங்குறாங்க."

ஒருநாள் அவர் ரீலைச் சுழற்றவே இல்லை. துடைப்பதற்காகத் திருப்பினார், அவ்வளவுதான். ரித்து திரும்பிச் சிரித்தாள். எனக்கு ஒரு கணம் ஏதோ உறுத்தியது. அப்பா பின்னால் உட்கார்ந்திருப்பது பழகிவிட்டது, அதனால் திரும்பியிருப்பாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானம் எனக்கு வேண்டியிருந்தது.

மழை வந்தது

மழை பிடித்துக்கொண்டதும் பம்பாயில் சூரியனை மறந்துவிட வேண்டியதுதான். பகலிலேயே ட்யூப்லைட். துணி காயாது. சுவரில் ஈரம் பூக்கும்.

முத்து ரீலைச் சுழற்றினார். ரித்து திரும்பவில்லை.

மறுநாளும் திரும்பவில்லை. "சளிடீ. மண்டையெல்லாம் நீர் கோத்துக் கெடக்கு" என்றார் மாமியார். பூண்டு தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சினார். அதைக் காதில் விடலாமா கூடாதா என்று நான் போனில் தேடிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சில் தடவிவிட்டார்.

சளி போனது. ரித்து திரும்பவில்லை.

அதன்பிறகு என் கணவர் செய்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. ரித்துவுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று விற்காமல் வைத்திருந்த பெரிய ரீலை மறுபடி பிரித்தார். நாக்கு தேய்ந்திருக்கும், அதனால் சத்தம் குறைந்துவிட்டது என்றார். புது நாக்கு வெட்டி, அரத்தால் ராவி மாட்டினார். ஸ்பிரிங்கை இறுக்கினார். திரும்பவில்லை. எண்ணெய் அதிகமாகிவிட்டது, சத்தத்தை அமுக்குகிறது என்று மண்ணெண்ணெயில் கழுவி, ஒரு சொட்டுக்கூட விடாமல் மாட்டினார். இப்போது அது பல் கூசும்படி கரகரவென்று கத்தியது.

பக்கத்து வீட்டு பாபி எட்டிப் பார்த்தாள். "க்யா சல் ரஹா ஹை? சக்கி டாலி க்யா கர் மே?"

மாவு மிஷின் போட்டுவிட்டீர்களா என்று கேட்கிறாள். நாங்கள் சிரித்து வைத்தோம். ரித்து கிளிப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு வேற ஸ்பிரிங் கொண்டாரேன்" என்றார் முத்து.

மேகம் விலகிய மாலை

ஒருநாள் திடீரென்று மழை நின்று வெயில் அடித்தது. மாமியார் மாட்டுங்காவில் கோயிலுக்குப் போயிருந்தார். முத்து இன்னும் வரவில்லை. அலமாரியில் ஈரம் இறங்கியிருந்ததால் சாமான்களை எடுத்து ஜன்னல் திண்டில் வைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெரிய ரீலையும் எடுத்தேன்.

ரித்து சிரித்தாள்.

நான் கைப்பிடியைத் தொடவில்லை. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அவள் என்னைப் பார்க்கவும் இல்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துச் சிரித்தாள். சுவரில் ஒரு வட்ட வெளிச்சம் நடுங்கிக்கொண்டிருந்தது. என் கையிலிருந்த ரீலில் பட்டுத் தெறித்த வெயில். நான் கையை அசைத்தேன். வெளிச்சம் ஓடியது. ரித்து அதைப் பிடிக்கப் போனாள், பிறகு அது எங்கிருந்து வருகிறது என்று திரும்பி ரீலைப் பார்த்தாள். பற்களெல்லாம் தெரியச் சிரித்தாள்.

அத்தனை நாளும் நாங்கள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தோம். சுவரை ஒருவரும் பார்க்கவில்லை. தேய்த்து மின்னவைத்த பிறகுதானே அவர் எப்போதும் சுழற்றுவார், சத்தமும் வெளிச்சமும் ஒன்றாகவே வந்திருக்கின்றன.

ரீலை முந்தானையால் மூடினேன். வெளிச்சம் போனது. அவளுக்குப் பின்னால், நிழலில் போய் உட்கார்ந்தேன். அவள் தலைமுடியில் சீயக்காய் வாசனை அடிக்கும் அளவுக்குப் பக்கத்தில். கைப்பிடியைச் சுழற்றினேன். அவர் அத்தனை பாடுபட்டு ஏற்றிவைத்த சத்தம். எனக்கே காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அவள் ஒரு நீலக் கிளிப்பை எடுத்து, மஞ்சள் கிளிப்பின் பக்கத்தில் வைத்து, நேராக இருக்கிறதா என்று தலை சாய்த்துப் பார்த்தாள்.

நான் சுழற்றிக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

முத்து வந்ததும் அவருக்கும் காட்டினேன். முதலில் வெளிச்சம். பிறகு முந்தானைக்குள் மூடிய ரீல். அவர் என் கையிலிருந்து ரீலை வாங்கினார்.

"கைப்பிடி கொஞ்சம் லூசா இருக்கு" என்று ஸ்க்ரூ டிரைவரைத் தேடினார்.

"என்னங்க, போதும்."

"இல்ல வேணி, டைட் பண்ணினா…"

"போதுங்க."

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

வாஷி

வாஷியில் ஓர் ஆஸ்பத்திரியில் பரிசோதனை. தூக்க மருந்து கொடுத்து, ரித்துவின் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டினார்கள். திரையில் கோடுகள் ஓடின. எனக்கு அவற்றைப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் ஒவ்வொரு கோட்டையும் மேலே எழும்பு, மேலே எழும்பு என்று கெஞ்சினேன். அவை எழும்பவில்லை. கடல் இறங்கிய நேரத்து மணல் போலச் சமமாகக் கிடந்தன.

பரிசோதித்த பெண் என் வயதுக்காரி. இரண்டு காதிலும் கேட்கும் திறன் அநேகமாக இல்லை என்று நிதானமாகச் சொன்னாள். தட்டு விழுந்தால், கதவை அறைந்தால் திரும்பினாளே என்றேன், அது தரையின் அதிர்வு என்றாள். அடுத்து என்ன செய்யலாம் என்றும் சொன்னாள். மிஷின், ஆபரேஷன், பயிற்சி. எந்த அளவுக்குப் பலன் இருக்கும் என்று கேட்டேன். இப்போதே சொல்ல முடியாது, சீக்கிரம் ஆரம்பித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், இனி தாமதிக்காதீர்கள் என்றாள்.

சீக்கிரம் என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன். அதன்பிறகு அவள் சொன்னது எதுவும் எனக்கு நினைவில்லை.

திரும்பும்போது ரயிலில் கூட்டம் குறைவு. ரித்து மருந்து மயக்கம் தெளிந்து முத்துவின் மடியில் உட்கார்ந்திருந்தாள். எதிர் சீட்டிலிருந்த மராட்டியப் பாட்டியம்மா ஒருத்தி, "நாம் க்யா ஹை தேரா?" என்று பெயர் கேட்டு அவளைக் கொஞ்சினாள். ரித்து ஜன்னலுக்கு வெளியே கடற்கழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "குஸ்ஸா ஹை க்யா? ஏ சோனு!" கோபமா என்று கேட்டுப் பாட்டி விடவில்லை.

"உஸ்கோ சுனாயீ நஹீ தேதா" என்றார் முத்து. அவளுக்குக் காது கேட்காது.

அந்த வாக்கியத்தை எங்களில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான் முதல் முறை. முன்பின் தெரியாத ஒருத்தியிடம், ஹிந்தியில், நேரம் கேட்டதற்குப் பதில் சொல்வது போலச் சொன்னார். பாட்டி கையை மடியில் வைத்துக்கொண்டாள். செம்பூர் வரும்வரை நாங்கள் மூவரும் வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தோம்.

வீட்டு வாசலில் மாமியார் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். மழை மறுபடி பிடித்திருந்தது. மாடி வராந்தாவின் தகரக் கூரையில் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

"என்ன சொன்னாவ?"

நான் முத்துவைப் பார்த்தேன். ரயிலில் சொன்னவர்தானே. அவர் குனிந்து ஷூ லேசை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஒரு லேசை அவிழ்க்க அவ்வளவு நேரம் ஆகாது.

நான்தான் சொன்னேன். என் குரல் எனக்கே எட்டவில்லை.

"என்னட்டி? மழையில ஒண்ணும் விளங்கல. சத்தமாச் சொல்லு!"

பக்கத்து வீட்டு பாபியின் கதவு பாதி திறந்தது.

"ரித்துவுக்குக் காது கேக்காது, அத்தை!" என்று கத்தினேன். "ரித்துவுக்கு ரெண்டு காதும் கேக்காது!"

வராந்தா முழுக்க அது எதிரொலித்தது. மாமியார் கதவைப் பிடித்துக்கொண்டார். முத்து நிமிர்ந்தார். பாபி வெளியே வந்துவிட்டாள். ரித்து என் காலடியில் உட்கார்ந்து செருப்பின் வாரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தலைக்கு நேர் மேலே தன் பெயரை அம்மா இரண்டு முறை கத்தியும், அவள் மட்டும் நிமிரவில்லை.